கொலனோஸ்கோபி: யாருக்கு, எப்போது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை?



மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்தது. ஸஃப் கலைந்த பிறகும் ஒரு சகோதரர் தூணோரமாக உட்கார்ந்திருந்தார். எங்கள் மஹல்லாவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், அப்போது அவருக்கு வயது 47. நான் எழுந்து வந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. எனக்கு மூலம் இருக்கு. வெளிக்குப் போனா ரத்தம் வருது. சில நேரம் தொழுகையில நிக்கும்போதே கசியிற மாதிரி இருக்கு. உளூ நிக்குமா?"

மஸ்அலா எனக்குத் தெரியும். பின்துவாரத்திலிருந்து இரத்தம் வெளிப்பட்டால் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் உளூ முறிந்துவிடும். விடாமல் கசிந்துகொண்டே இருந்தால் அவர் தங்கடம் உள்ளவர். ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் தனியாக உளூச் செய்துகொள்ள வேண்டும். இதை நிதானமாக விளக்கினேன். முகம் தெளிந்து, ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

"எத்தனை நாளாக ரத்தம் வருகிறது? டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

ஏழு மாதம் கழித்து அவரை மருத்துவமனையில் பார்த்தேன். பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய். அருகிலிருந்த நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருந்தது. மூலம் என்று எந்த மருத்துவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அது அவராகவே செய்துகொண்ட முடிவு. வெட்கத்தால் வெளியே சொல்லாமல் ஒன்றரை ஆண்டு மறைத்திருக்கிறார். வெட்கத்தை விட்டு அவர் வாய் திறந்த ஒரே ஆள் நான்தான். நான் உளூவைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு இந்த நோயைப் பற்றித் தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டேன், படித்தேன். அப்போது இதற்கு நேர் எதிரான ஒரு தவறும் கண்ணில் பட்டது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். டீச்சரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒருமுறை அவருக்கு 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு பாலிப் எடுத்தார்கள். அந்த பயத்தில் ஆண்டுதோறும் கொலனோஸ்கோபி செய்து வந்தார். நான்கு ஆண்டில் நான்கு முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் படுக்கை, பல ஆயிரம் ரூபாய் செலவு.

ஒருவர் செய்ய வேண்டிய நேரத்தில் செய்யவில்லை. இன்னொருவர் தேவையில்லாதபோதும் செய்துகொண்டிருந்தார். யாருக்கு, எப்போது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் போனதுதான் இரண்டுக்கும் காரணம். அந்தப் பதில்களை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

குடலுக்குள் நடப்பது என்ன?

பெருங்குடலின் உள்சுவரில் மரு போலச் சிறு சதை வளர்ச்சிகள் தோன்றுவதுண்டு. இவற்றைப் பாலிப் என்கிறார்கள். பெரும்பாலான பாலிப்கள் கடைசிவரை எந்தத் தீங்கும் செய்வதில்லை. ஆனால் அடினோமா என்ற வகையில் சில, மெதுவாகப் பெரிதாகிப் புற்றுநோயாக மாறுகின்றன. இதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அளவுக்குப் பிடிக்கும். அந்த நீண்ட அவகாசம் அல்லாஹ் நமக்குத் தந்திருக்கும் ஒரு வாய்ப்பு. அதற்குள் பாலிப்பைக் கண்டு எடுத்துவிட்டால் அது புற்றுநோயாக மாறும் வழி அடைபட்டுப் போகிறது.

கொலனோஸ்கோபி என்பது முனையில் கேமரா பொருத்திய, வளையக்கூடிய மெல்லிய குழாய். பின்துவாரம் வழியாகச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கிறார்கள். பாலிப் தெரிந்தால் அந்தக் குழாயின் வழியாகவே கம்பிச் சுருக்கை அனுப்பி அப்போதே அறுத்து எடுத்துவிடலாம். 1969-ல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரு அறுவை மருத்துவர்கள் இந்த முறையைத் தொடங்கிவைத்தார்கள். அதுவரை பாலிப்பை எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது.

2022-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இந்த நோய் குறைவு. ஆனால் வரும்போது பலர் முற்றிய நிலையில்தான் மருத்துவரிடம் வருகிறார்கள்.

அறிகுறி இருந்தால் காத்திருக்கக் கூடாது

இதை முதலில் மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு முன்கூட்டியே செய்வதுதான் ஸ்கிரீனிங். அறிகுறி உள்ளவருக்குச் செய்வது நோயைக் கண்டறியும் பரிசோதனை. அதற்கு வயது வரம்பும் இல்லை, ஆண்டுக் கணக்கும் இல்லை. கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள்:

- மலத்தோடு இரத்தம் வருவது, அல்லது மலம் தார் போலக் கறுப்பாகப் போவது
- மலம் கழிக்கும் வழக்கம் மாறி, மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீடிப்பது
- போய் வந்த பிறகும் முழுதாகப் போகாதது போன்ற உணர்வு
- காரணமின்றி எடை குறைவது
- ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை

கடைசியாகச் சொன்னது நம் வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. உம்மாவுக்கு அறுபது வயதில் இரத்தம் குறைந்தால் பேரீச்சம்பழமும் சத்து மாத்திரையும் வாங்கிக் கொடுக்கிறோம். இரத்தம் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி இருந்தால் கண்ணுக்குத் தெரியாமலே இரத்தம் கசியும். சோர்வும் இரத்தசோகையும்தான் வெளியே தெரியும்.

இரத்தம் வருவோரில் பெரும்பாலோருக்கு அது உண்மையிலேயே மூலமாகத்தான் இருக்கும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். நம் வெட்கமோ மருந்துக் கடைக்காரரோ அதை முடிவு செய்யக் கூடாது.

எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு

இந்த விஷயத்தில் நாட்டுக்கு நாடு ஏற்பாடு மாறுகிறது. அமெரிக்காவில் 45 முதல் 75 வயது வரை ஸ்கிரீனிங் செய்யச் சொல்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனை அல்லது பத்து ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி என்பது அவர்கள் தரும் வழிகளில் முக்கியமானவை. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரையுள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனைப் பெட்டியை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். சிங்கப்பூரிலும் 50 வயதிலிருந்து ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். அந்த நாடுகளில் வாழும் நம் உறவினர்கள் வீட்டுக்கு வரும் கடிதத்தைக் குப்பையில் போடாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். இந்தியாவில் அரசின் புற்றுநோய் ஸ்கிரீனிங் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுக்கும்தான். பெருங்குடலுக்கு நாடு தழுவிய திட்டம் இல்லை. ஆகவே 45, 50 வயதைத் தாண்டியவர்கள் தாங்களாகவே குடும்ப மருத்துவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த மலப் பரிசோதனைக்கு ஃபிட் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத இரத்தம் மலத்தில் கலந்திருக்கிறதா என்று இது காட்டும். பட்டினி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், யார் முன்னும் உடை களைய வேண்டாம். வீட்டிலேயே மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். ஸ்பெயினில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் பத்தாண்டு முடிவு 2025-ல் வெளியானது. சாதாரண ஆபத்து உள்ளவர்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஃபிட் பரிசோதனைக்கு அழைத்ததும், ஒருமுறை கொலனோஸ்கோபிக்கு அழைத்ததும், இந்தப் புற்றுநோயால் வரும் மரணத்தைத் தடுப்பதில் ஒன்றுக்கொன்று குறைந்தவையாக இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஃபிட் முடிவு பாஸிட்டிவ் என்று வந்தால் கொலனோஸ்கோபி செய்தே ஆக வேண்டும். "இன்னொரு தடவை ஃபிட் எடுத்துப் பார்ப்போம்" என்று தள்ளிப்போடக் கூடாது. பாஸிட்டிவ் என்றாலே புற்றுநோய் என்றும் அர்த்தமில்லை.

நேரடியாகக் கொலனோஸ்கோபியே செய்துகொண்டவருக்கு குடல் நன்றாகச் சுத்தமாகி, ஒன்றுமில்லை என்று வந்தால் அடுத்தது பத்து ஆண்டு கழித்துத்தான். இடையில் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் சேர்த்துத் தருகிறார்கள் என்பதற்காகத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. சி.ஈ.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையையும் சில செக்கப்களில் சேர்த்து விற்கிறார்கள். அது ஏற்கெனவே புற்றுநோய் கண்டறியப்பட்டவரைக் கண்காணிக்கப் பயன்படுவது. ஸ்கிரீனிங்குக்கு உரியது அல்ல.

75 வயதைத் தாண்டியவர்களுக்கு உடல்நிலை, முன்பு செய்த பரிசோதனைகள் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் தனித்தனியாக முடிவு செய்வார். 85-க்குப் பிறகு ஸ்கிரீனிங் தேவையில்லை.

குடும்பத்தில் ஒருவருக்கு வந்திருந்தால்

மளிகைக் கடைக்காரரின் விஷயத்துக்கு வருவோம். அவருக்கு 47 வயதில் நோய் வந்தது. மருத்துவர் அவரிடம் முதலில் கேட்டவற்றில் ஒன்று: "கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?"

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோர் முதல்நிலை உறவினர்கள். இவர்களில் ஒருவருக்கு 60 வயதுக்குள் இந்தப் புற்றுநோய் வந்திருந்தாலோ, எந்த வயதிலாவது இருவருக்கு வந்திருந்தாலோ, மற்றவர்கள் 40 வயதில் கொலனோஸ்கோபி தொடங்க வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதல். அல்லது குடும்பத்தில் மிக இளவயதில் நோய் வந்தவரின் வயதிலிருந்து பத்தைக் கழித்து வரும் வயதில் தொடங்க வேண்டும். இரண்டில் எது முன்னே வருகிறதோ அதுதான் கணக்கு. பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. உறவினருக்கு நோய் வந்தது 60 வயதிலோ அதற்குப் பிறகோ என்றால் 40-ல் தொடங்கி, மற்றவர்களுக்கு உரிய பரிசோதனையையே அதே இடைவெளியில் செய்தால் போதும்.

47-ல் பத்தைக் கழித்தால் 37. வளைகுடாவில் இருக்கும் அவருடைய தம்பிக்கு 41, தங்கைக்கு 38. இருவருக்கும் அந்த வயது கடந்துவிட்டது. 19 வயது மகனுக்கு இன்னும் 18 ஆண்டு இருக்கிறது. ஆனால் இப்போதே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

50 வயதுக்குள் நோய் வந்தால் இன்னொன்றையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று அறுவையில் எடுத்த கட்டியிலேயே சோதித்துப் பார்க்க முடியும். அது இருந்தால் குடும்பத்தில் அந்த மரபணு உள்ளவர்கள் 20, 25 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி செய்ய வேண்டியிருக்கும். அல்ஹம்துலில்லாஹ், இவருக்கு அது இல்லை என்று வந்தது.

நம் வீடுகளில் புற்றுநோயை வெளியே சொல்வதில்லை. பெண்பிள்ளைக்கு சம்பந்தம் வராது என்ற பயம். "பெரியத்தா வயித்து வலியில மவுத்தானாங்க" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரிதான். உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்குமாவது நோயின் பெயரும், அது வந்த வயதும் தெரிய வேண்டும். உறவுக்குள் திருமணம் நடந்த குடும்பமானால் தாய்வழி, தந்தைவழி இரண்டையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பாலிப் எடுத்த பிறகு

பாலிப் எடுத்தவருக்குக் கண்காணிப்புப் பரிசோதனை உண்டு. அது எப்போது என்பதைப் பாலிப்பின் எண்ணிக்கை, அளவு, வகை ஆகியவை முடிவு செய்கின்றன. 2020-ல் அமெரிக்காவில் வெளியான வழிகாட்டுதலின் சுருக்கம் இது:

- 10 மில்லிமீட்டருக்குக் குறைவான அடினோமா ஒன்று அல்லது இரண்டு: 7 முதல் 10 ஆண்டு கழித்து
- அத்தகையவை மூன்று அல்லது நான்கு: 3 முதல் 5 ஆண்டு கழித்து
- ஐந்து முதல் பத்து, அல்லது ஒன்றே ஆனாலும் 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ: 3 ஆண்டு கழித்து
- பத்துக்கு மேல்: ஓராண்டில்

20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பாலிப்பைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால் ஆறு மாதத்தில் அந்த இடத்தை மறுபடி பார்க்க வேண்டும். புற்றுநோய்க்கு அறுவை செய்தவர்களுக்கு ஓராண்டில் ஒன்று, பிறகு மூன்று ஆண்டில், அதன்பின் ஐந்து ஆண்டில். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு; நோய் தொடங்கி எட்டு ஆண்டில் அவர்களுக்குக் கண்காணிப்பு ஆரம்பமாகும்.

டீச்சரம்மாவிடம் இருந்தது 4 மில்லிமீட்டரில் ஒரே ஒரு அடினோமா. அவருடைய ரிப்போர்ட் அனைத்தையும் இன்னொரு குடல்நோய் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். "இத்தனை தடவை தேவையே இல்லைம்மா. பத்து வருஷம் கழிச்சு, அப்போ உங்க உடம்பு எப்படி இருக்குன்னு பார்த்து முடிவு பண்ணலாம்" என்றார் அவர். டீச்சரம்மாவுக்கு இப்போது வயது 66.

அடிக்கடி செய்தால் பாதுகாப்பு கூடும் என்று நினைக்கிறோம். பாலிப் எடுத்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த தேசியப் பாலிப் ஆய்வு 1993-லேயே இதற்குப் பதில் சொன்னது. ஓராண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் என இருமுறை பார்த்தவர்களை விட, மூன்றாம் ஆண்டில் ஒருமுறை மட்டும் பார்த்தவர்களுக்கு ஆபத்தான பாலிப்கள் அதிகம் காணப்படவில்லை.

கொலனோஸ்கோபி பாதுகாப்பானதுதான், ஆனால் ஆபத்தே இல்லாதது அல்ல. ஸ்கிரீனிங்குக்காகச் செய்யும்போது பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ 3 பேருக்குக் குடலில் துளை விழுகிறது, 15 பேர் அளவுக்குக் கடுமையான இரத்தப்போக்கு ஏற்படுகிறது. வயதானவர்களுக்கு வயிறு சுத்தம் செய்வதிலேயே நீர்ச்சத்தும் உப்புச்சத்தும் குறைந்துவிடலாம். தேவையுள்ளவருக்கு இந்தச் சிறு ஆபத்தை ஏற்பதில் நியாயம் இருக்கிறது. தேவையில்லாதவருக்கு அது வெறும் ஆபத்து, பணமும் வீண்விரயம். தேவையின்றி ஒருவர் எடுத்துக்கொள்ளும் நேரம், இரத்தப்போக்கோடு வரிசையில் காத்திருக்கும் இன்னொருவருக்கு உரியதாகவும் இருக்கலாம்.

வெட்கமும் மார்க்கமும்

கடைக்காரரின் தங்கை முதலில் மறுத்துவிட்டார். "மவுத்தானாலும் பரவாயில்லை, என்னால முடியாது" என்றாராம். வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்பதை நாம் அறிவோம். ஆனால் நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவியவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். மருத்துவத் தேவைக்காக, தேவையான அளவுக்கு அவ்ரத்தைத் திறப்பது கூடும் என்பதில் ஃபிக்ஹு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. பெண்ணுக்குப் பெண் மருத்துவர் கிடைத்தால் அவரை நாடுவது சிறந்தது. கிடைக்காவிட்டால் ஆண் மருத்துவரிடம் செய்துகொள்வதில் குற்றமில்லை.

இதில் பயப்படும் அளவுக்கு உடல் வெளியே தெரிவதும் இல்லை. பின்புறம் மட்டும் திறப்பு வைத்த கால்சட்டை இதற்கென்றே இருக்கிறது. முன்கூட்டியே கேட்டால் பல இடங்களில் தருவார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து மேலே துணி போர்த்திவிடுவார்கள். பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. மயக்க மருந்து தருவதால் பெரும்பாலோருக்கு நடந்தது நினைவிலேயே இருக்காது.

நோன்பு பற்றியும் கேட்கிறார்கள். வயிறு சுத்தமாக நிறைய மருந்து நீர் குடிக்க வேண்டும் என்பதால் நோன்போடு இதைச் செய்ய இயலாது. ஸ்கிரீனிங் என்றால் ரமளான் கழிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். இரத்தப்போக்கு போன்ற அறிகுறி இருந்து மருத்துவர் அவசரம் என்றால், நோயாளிக்குரிய சலுகையை எடுத்துக்கொண்டு பிறகு களாச் செய்துகொள்ளுங்கள். மயக்கத்தால் உளூ முறியும் என்பதால் தெளிந்த பிறகு புதிதாக உளூச் செய்ய வேண்டும். அன்று முழுவதும் வண்டி ஓட்டக் கூடாது. அழைத்துப்போக ஒருவர் உடன் வர வேண்டும்.

போகும் முன்பும் வந்த பிறகும்

குடல் சுத்தமாக இல்லாவிட்டால் நல்ல மருத்துவராலும் பாலிப்பைக் காண முடியாது. ஓராண்டுக்குள் திரும்பச் செய்ய வேண்டிவரும். முந்தைய நாள் கீரை, விதையுள்ள பழங்கள், பருப்பு வகைகளைத் தவிர்த்து இலேசான உணவு போதும். சிவப்பு நிற சர்பத் வேண்டாம். குடலுக்குள் இரத்தம் போலத் தெரியும். மருந்து நீரில் பாதியை முந்தைய இரவிலும் மீதியை அன்று அதிகாலையிலும் குடிப்பது நல்ல பலன் தரும். கடைசியில் மஞ்சள் கலந்த தெளிந்த நீராகப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, சர்க்கரை மருந்து ஆகியவற்றை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

முடிந்ததும் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: குடல் நன்றாகச் சுத்தமாக இருந்ததா? பெருங்குடலின் தொடக்க முனைவரை போய்ப் பார்த்தார்களா? எத்தனை பாலிப், என்ன அளவு? பயாப்ஸி முடிவு என்ன? அடுத்தது எந்த ஆண்டு, ஏன்? அந்தத் தாள்களைப் பட்டா, பத்திரம் வைக்கும் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அவை இல்லாததால்தான் பலருக்குத் தேவையின்றித் திரும்பச் செய்ய நேர்கிறது.

கடைக்காரருக்கு அறுவை முடிந்து, கீமோ முடிந்து, ஓராண்டில் செய்த கொலனோஸ்கோபியில் ஒன்றுமில்லை என்று வந்தது. தம்பி விடுமுறையில் வந்து செய்துகொண்டார். இரண்டு அடினோமாக்கள் இருந்தன, ஒன்று 12 மில்லிமீட்டர். எடுத்துவிட்டார்கள், மூன்று ஆண்டில் மறுபடி வரச் சொன்னார்கள். தங்கையும் சம்மதித்தார். அவருக்கு ஒன்றுமில்லை, ஐந்து ஆண்டு கழித்து வந்தால் போதும் என்றார்கள்.

போன மாதம் ஃபஜ்ரு முடிந்து ஓர் இளைஞர் என்னிடம் தயங்கித் தயங்கி அதே மஸ்அலாவைக் கேட்டார். மஸ்அலாவைச் சொன்னேன். பிறகு, "எத்தனை நாளா தம்பி? வீட்ல யாருக்காவது குடல்ல நோய் வந்திருக்கா? டாக்டர்கிட்ட எப்போ போறீங்க?" என்று கேட்டேன். மக்கள் இந்த விஷயத்தை முதலில் கொண்டுவருவது பெரும்பாலும் ஆலிம்களிடமும் வீட்டுப் பெரியவர்களிடமும்தான். நாமும் இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொள்வோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தந்து, நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.